உள்பக்கம் அடித்த பலகை

சாய்ந்ததுதான் குற்றம் என்று எழுதச் சொன்னார்கள். பலமுறை சொல்லியும் கேட்காமல் சாய்ந்தாள், விழப்போனாள், அவள் மேல்தான் தப்பு. இதை ஆங்கிலத்தில் அழகாக எழுத வேண்டும். அந்த வேலையிடத்தில் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சாய்ந்தவர் என் அண்ணி. ஆறு வருடம் ஆகிறது. இன்றைக்கும் அந்த வாக்கியத்தை நினைத்தால் எனக்குக் காது சூடாகிறது.

எண்பதுகளின் தொடக்கம். பிரிஞ்சாங் என்ற மலையூருக்கு மேலே, கியா பார்முக்குப் போகும் ரோட்டோரமாக மலையை வெட்டி ஏழு மாடியில் ஒரு ஹோட்டல் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் தானா ராத்தா பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் பாரம், மொத்தம் பதினோரு வருடப் படிப்பு, முடித்திருந்தேன். எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் ஆறாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அப்பாவுக்குக் கையெழுத்தே கிடையாது, கட்டைவிரல்தான். ஆகவே எனக்கு அங்கே ஸ்டோர் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா, வேலை கிடைத்தபோது எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பாதிப் பேர் வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பெரிய ஸ்டோர் ஒன்றுமில்லை. ஒரு தகரக் கொட்டகை, ஒரு மேசை, ஒரு பூட்டு. ஆணி, பலகை, கம்பிவலை, கரண்டி எல்லாம் என் பொறுப்பு. சாவி என் இடுப்பில் தொங்கும். அந்தச் சாவியைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

மேற்பார்வை பார்த்தவர் எங்கள் தோட்டத்தில் முன்பு கங்காணியாக இருந்தவர். வேலை மாறியும் எங்கள் வாயில் அவர் கங்காணிதான். ஆட்களையும் அவர் தோட்டத்திலிருந்தே கூட்டிவந்தார். காலையில் லோரி நாங்கள் குடியிருந்த லயத்து வாசலுக்கே வரும். தேயிலை வேலையை விட்டுவிட்டு வந்த பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஏறுவார்கள். அவர்களில் அண்ணியும் ஒருவர்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வாழ வந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. என் பள்ளிக்கூடக் கால்சட்டையின் கிழிசலையெல்லாம் தைத்தவர் அவர்தான். வாய் ஓயாது. நான் கிராணி ஆனதிலிருந்து வீட்டில் 'தம்பி', லோரியில் 'கிராணியாரே'. நான் ஏறும்போது எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "தள்ளி ஒக்காருங்கடி, கிராணியாரு சட்டை கசங்கிடப் போவுது" என்பார். பெண்கள் சிரிப்பார்கள். நான் லோரியின் மூலையில் நின்றுகொண்டே வருவேன்.

பெண்களுக்கு மணல் தூக்கும் வேலை. வெளிப்பக்கம் ஒரு சுமைதூக்கி இருந்தது, ஆனால் அது கல்லுக்கும் கம்பிக்கும்தான். மேல்மாடிகளில் சுவர் பூசுவதற்கான மணல் படிவழியாகவே ஏற வேண்டும். முதலில் வாளி கொடுத்தார்கள். பெண்கள் இரண்டாம் நாளே வாளியைத் தூக்கிப் போட்டுவிட்டு, வீட்டில் கிடந்த பழைய கொழுந்துக் கூடையைக் கொண்டுவந்து, உள்ளே உரச்சாக்கை விரித்து, மணலைக் கொட்டி, கயிற்றை உச்சந்தலையில் மாட்டி, கூடை முதுகில் தொங்க ஏற ஆரம்பித்தார்கள். கங்காணிக்கு வாயெல்லாம் பல். இரண்டு வாளி மணல் ஒரே நடையில் போகிறதே.

கூடை தூக்குகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தேயிலைச் சரிவில் முதுகுக்குப் பின்னால் எப்போதும் ஒரு மேடு இருக்கும். கூடை கனத்துவிட்டால், திரும்பிப் பார்க்காமல் இரண்டு எட்டுப் பின்னால் வைத்து, கூடையின் அடியை அந்த மேட்டில் தாங்கவிட்டு, கழுத்தைக் கொஞ்சம் ஆற்றிக்கொள்வார்கள். கீழே இறக்கிவைக்க மாட்டார்கள். இறக்கினால் மறுபடி தூக்கிவிட ஆள் வேண்டும். பின்னால் மேடு இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. மலை எழுந்தா போய்விடும்?

ஹோட்டலில் மேடு இல்லை. லிஃப்ட் குழி இருந்தது.

ஒவ்வொரு மாடியிலும் படியேறி வந்தவுடன் எதிரே கதவகலத்துக்கு ஒரு திறப்பு. அதற்கு அந்தப் பக்கம் தரை கிடையாது. மேலேயிருந்து கீழே வரைக்கும் ஒரே வெறுமை, அடியில் மழைத்தண்ணீர் தேங்கிய பள்ளம். மதியத்துக்கு மேல் மூடுபனி கட்டடத்துக்குள் புகுந்துவிட்டால் அது ஓர் இருட்டறையின் வாசல் மாதிரித்தான் தெரியும். திறப்பின் குறுக்கே இரண்டு பலகை அடித்திருந்தார்கள். ஒன்று முழங்கால் உயரம், இன்னொன்று இடுப்பு உயரம். அந்த இடுப்புயரப் பலகை கூடையின் அடிக்கு அளவெடுத்து வைத்தது போல இருந்தது. ஐந்து மாடி ஏறி வந்த பெண் வேறு என்ன செய்வாள்? இரண்டு எட்டுப் பின்னால் வைப்பாள், சாய்வாள்.

லிஃப்ட் பொருத்தப்போகிற கம்பெனியிலிருந்து ஒருவர் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். குழியருகே வேலை செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியவை. அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். தடுப்பு உறுதியாக இருக்க வேண்டும். தரையோடு ஒரு பலகையும் வேண்டும், கல்லோ கரண்டியோ உருண்டு உள்ளே விழாமலிருக்க. வெளியிலிருந்து ஆள் தள்ளினாலும் பிடுங்கிக்கொள்ளாதபடி அடிக்க வேண்டும். தடுப்பை எடுத்தால் அதே ஆள் திரும்ப வைத்துவிட்டுத்தான் நகர வேண்டும். வெளிச்சம் வேண்டும். குப்பையைக் குழிக்குள் கொட்டக் கூடாது. மேலே ஒருவர் வேலை செய்யும்போது குழியின் அடியில் இன்னொருவர் நிற்கக் கூடாது. தடுப்பின் மேல் சாயக் கூடாது.

படித்து முடித்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளை ஸ்டோர் சுவரில் நாலு மூலையிலும் ஆணி அடித்து மாட்டினேன். அங்கே வந்து போகிற யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. அதைத் தமிழில் எழுதி மாட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பள்ளிக்கூடம் எனக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்திருந்தது. யாருக்காகப் படிக்கிறோம் என்பதைச் சொல்லித்தரவில்லை.

ஆனாலும் மேலே போய்ப் பார்த்தேன். மூன்றாம் மாடியில் அந்தப் பலகையைக் கையால் மெல்லத் தள்ளினேன். பலகைக்கும் திறப்பின் மரச்சட்டத்துக்கும் நடுவே விரல் நுழைகிற அளவு இடைவெளி விட்டது. குனிந்து பார்த்தால், பலகையைச் சட்டத்தின் உள்பக்கம், குழியைப் பார்த்த பக்கம் வைத்து அடித்திருந்தார்கள். நம் பக்கத்தில் அடித்திருந்தால், தள்ளத் தள்ளப் பலகை சட்டத்தோடு அழுந்தும். உள்பக்கம் அடித்தால், தாங்குவது இரண்டு ஆணி மட்டுமே. ஏழு மாடியிலும் அப்படியே இருந்தது. நம் பக்கச் சுவரைப் பூச வேண்டுமாம், பலகை இடைஞ்சலாம். அதற்காக உள்ளே அடித்துவிட்டார்கள்.

கங்காணியிடம் போய்ச் சொன்னேன். அவர் சுருட்டைப் பல்லில் கடித்தபடி கேட்டார்.

"அது சாயறதுக்கு இல்லடா. காட்றதுக்கு. இஞ்சினியர் வந்தா கண்ணுக்குத் தெரியணும், அவ்ளோதான் லா."

"பொம்பளைங்க சாயுறாங்களே, ஐயா."

"நம்ம ஆளுங்க மலையில பொறந்தவங்க. காலு சறுக்காது. நீ ஆணிய எண்ணு, போ."

புதுப் பலகை கேட்டேன். அது கான்கிரீட் வார்க்க வைத்திருக்கும் பலகை, தொடக்கூடாது என்றார். புதுப் பலகை என் ஸ்டோரில் கூரை முட்ட அடுக்கிக் கிடந்தது. கம்பிவலைச் சுருள் மூலையில் நின்றது. ஆணி பெட்டி பெட்டியாக இருந்தது. சாவி என் இடுப்பில் இருந்தது. சரிங்க ஐயா என்று சொல்லிவிட்டு வந்தேன். கங்காணி மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதியாவது அந்த 'சரிங்க ஐயா' மேல் இருக்கிறது.

என் மனச்சாட்சிக்கு ஒரு மருந்து வேண்டுமல்லவா. மறுநாள் தேத்தண்ணி நேரத்தில் பெண்களிடம் போய், பலகையில் சாயக் கூடாது, பேப்பரில் போட்டிருக்கிறது என்று சொன்னேன். அண்ணி பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்தபடி என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"அந்தப் பேப்பரு கூடையத் தூக்குமா, கிராணியாரே?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். பலகை எந்தப் பக்கம் அடித்திருக்கிறது என்பதை அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர்கள் மேலே ஏற மாட்டார்கள், அதற்குக் கங்காணி என்னைக் கேட்பார் என்று பயந்தேன்.

ஒரு திங்கட்கிழமை. காலையிலிருந்து தூறல். ஐந்தாம் மாடிப் பூச்சுக்காரர் கேட்ட ஆணிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நானே மேலே போனேன். படியின் கடைசித் திருப்பத்தில் இருக்கும்போது எனக்கு முன்னால் அண்ணி கூடையோடு மேலேறி முடித்துவிட்டிருந்தார். என்னைப் பார்த்து ஏதோ கிண்டல் செய்யப்போகிறார் என்று முகத்தில் தெரிந்தது. மூச்சு வாங்கியதால் வார்த்தை வரவில்லை. இரண்டு எட்டுப் பின்னால் வைத்தார். சாய்ந்தார்.

ஆணி பிடுங்குகிற சத்தம் எனக்குப் பழக்கமானதுதான். கோணல் ஆணிகளை நிமிர்த்துவது ஸ்டோரில் தினசரி வேலை. அதே கீச்சு. பலகையின் இடது முனை உள்ளே போனது. கூடை பின்பக்கமாகத் திறப்புக்குள் இறங்கியது. கயிறு தலையில் இருந்ததால் அண்ணியின் கழுத்து வானத்தைப் பார்த்து வளைந்தது. ஒரு கை சட்டத்தைப் பிடித்துக்கொண்டது. அடுத்து அவர் செய்ததைக் கொழுந்து எடுத்தவர்கள்தான் செய்ய முடியும்: தலையை ஒரு பக்கம் உதறிக் கயிற்றைக் கழற்றிவிட்டார். கழன்ற கயிறு காதை உரசி, தாடையில் ஒருமுறை மாட்டி இழுத்து, பிறகு போனது. பூச்சுக்காரர் ஓடிவந்து அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்துத் தரையில் உட்காரவைத்தார். நான் ஆணிப் பொட்டலத்தைப் பிடித்தபடி படியிலேயே நின்றிருந்தேன்.

கூடை கீழே போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. குழியின் அடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஆள் அப்போதுதான் வெற்றிலை போட மேலே வந்திருந்தாராம். அவரையும் காப்பாற்றியது யாருடைய திட்டமும் இல்லை.

அண்ணி முதலில் சொன்னது, "என் கூடை போச்சு தம்பி." அப்புறம்தான் கழுத்தைத் திருப்பப் பார்த்தார். திரும்பவில்லை.

கங்காணி வந்ததும் கேட்ட முதல் கேள்வி, யார் சாயச் சொன்னது என்பது. அண்ணியை லோரியின் முன்சீட்டில் உட்காரவைத்து தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கழுத்துக்குப் பட்டை போட்டு, எடை தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அன்று பிற்பகல் கங்காணி ஸ்டோருக்கு வந்தார். வேலையிடத்தில் அன்றன்றைக்கு நடப்பதை எழுதிவைக்க ஒரு தடித்த டைரி உண்டு. எழுதுவது நான், கையெழுத்துப் போடுவது அவர். வியாழக்கிழமைதோறும் இஞ்சினியர் வந்து படித்துப் பார்ப்பார். கங்காணிக்கு ஆங்கிலம் தெரியாது. தன் பெயரை மட்டும் சுழித்துப் போடப் பழகியிருந்தார். நான் முதலில் சொன்ன அந்த வாக்கியத்தை அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுத வேண்டும்.

நான் வேறு ஒன்றை எழுதினேன். ஐந்தாம் மாடித் தடுப்புப் பலகை உள்பக்கம் அடிக்கப்பட்டிருந்தது. சாய்ந்தவுடன் பிடுங்கிக்கொண்டது. தொழிலாளி ஒருவர் விழாமல் தப்பினார். மற்ற ஆறு மாடியிலும் பலகை இதே மாதிரித்தான் இருக்கிறது. எழுதி முடித்துப் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினேன். அவர் பேனாவை எடுத்தார். அப்படியே விட்டிருந்தால் சுழித்துவிட்டுப் போயிருப்பார்.

என்னால் விட முடியவில்லை. லயத்துக்குப் பின்னால் அப்பா முட்டைக்கோஸ் போட்டிருந்த நிலத்தைத் தோட்டம் திரும்ப எடுத்துக்கொண்டது இப்படித்தான். ஆபீசில் ஒரு தாளைப் படித்துக்காட்டினார்கள், வேலி போடப்போகிறோம் என்று. அப்பா கட்டைவிரலை வைத்தார். தாளில் எழுதியிருந்தது வேறு. அந்த ஒரு விரலுக்காகத்தான் அப்பா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். படித்து வந்து நானும் அதையே இன்னொருவருக்குச் செய்வதா? கங்காணி மேல் எனக்குக் கொலைவெறி இருந்தது. ஆனாலும் படிக்கத் தெரியாத ஒருவர் முன்னால் எழுதிவைத்து ஏமாற்ற எனக்குக் கை வரவில்லை.

எழுதியதை அப்படியே தமிழில் படித்துக் காட்டினேன். அவர் பேனாவை மூடினார்.

"யார் சோத்தத் திங்கிற நீ?"

"எங்கண்ணி ஆக்குன சோத்த, ஐயா."

அவர் அந்தப் பக்கத்தைக் கிழிக்கச் சொன்னார். பக்கங்களில் எண் அச்சடித்திருக்கிறது, கிழித்தால் தெரியும் என்றேன். கையெழுத்துப் போட மாட்டேன் என்று போய்விட்டார். கையெழுத்தில்லாத பக்கத்தை இஞ்சினியர் மதிக்க மாட்டார். மேலே ஆறு மாடியிலும் அந்தப் பலகைகள் அப்படியே இருந்தன. மறுநாள் காலையில் மற்றப் பெண்கள் கூடையோடு ஏறுவார்கள்.

அன்று நான் டைரியைச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அது குற்றம்தான், தெரியும். லோரியில் ஏறிய ஒவ்வொரு பெண்ணிடமும் பலகை எந்தப் பக்கம் அடித்திருக்கிறது என்று சொன்னேன். முன்பு சொல்லாததையும் சேர்த்துச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. கடைசி வரிசையிலிருந்து ஒருவர், "இத்தன நாளா வாய்ல என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த?" என்று கேட்டார். 

வீட்டில் அண்ணி சுவரோரமாக, பட்டை போட்ட கழுத்தோடு நேராக உட்கார்ந்திருந்தார். அண்ணன் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தைத் திறந்து, ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி என்று படித்தேன். இதற்கு முன் நான் படித்துக் காட்டி அண்ணி இவ்வளவு பொறுமையாகக் கேட்டதே இல்லை.

"அவ்ளோதானா?"

"இனி யாரும் சாயாத மாதிரி உயரமா அடைக்கணும்னு கடைசில எழுதியிருக்கேன், அண்ணி."

"சாயாதேங்குற. எங்க சாயிறதுன்னு எழுதலயே."

அவர் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு என் பக்கம் திரும்பினார்.

"அஞ்சு மாடி ஏறுறோம். கூடைய எறக்குனா ஏத்திவிட ஆளு இல்ல. பொந்துகிட்ட சாயக் கூடாது, சரி. அப்ப எதுல சாயிறது? ஒங்க பேப்பர்ல அத யாரு எழுதுவா?"

எனக்குச் சுருக்கென்றது. அந்த அச்சடித்த தாளில் எத்தனை 'கூடாது' இருந்தது. கூடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதை எழுதியவர் முதுகில் எதுவும் தூக்கியிருக்க மாட்டார். நானும் எழுதவில்லையே. அதே லயத்தில் பிறந்தவன் நான்.

கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: சுமை தாங்கிக்கொள்ள, குழிக்கு எதிர்ச்சுவரை ஒட்டி இடுப்பு உயரத்தில் உறுதியான ஒரு பலகைமேடை ஒவ்வொரு மாடியிலும் வேண்டும். அதையும் படித்துக் காட்டினேன். அண்ணி கையை நீட்டினார். மைப்பெட்டி இல்லை. பேனாவின் மையைத் தாளில் கிறுக்கிக் கிறுக்கி அவர் கட்டைவிரலில் தேய்த்தேன். கங்காணி சுழிக்க மறுத்த இடத்தில் விரலை அழுத்தி வைத்தார். "நல்லா விழுந்திருக்கா பாரு" என்றார். விழுந்திருந்தது.

மறுநாள் காலை டைரியைத் திரும்ப மேசையில் வைத்தேன். செவ்வாயும் புதனும் பெண்கள் குழிக்கு எதிர்ப்பக்கமாகவே நடந்தார்கள். இரண்டு பேர் சேர்ந்து போய், ஒருத்தி கூடையை இன்னொருத்தி பின்னாலிருந்து தாங்கிப்பிடித்தாள். வேலை பாதியாகக் குறைந்தது. கங்காணி கத்தினார். அவர்கள் வேகமாகப் போகவில்லை.

வியாழக்கிழமை இஞ்சினியர் அந்தப் பக்கத்தைப் படித்தார். விரல்ரேகையைக் காட்டி இது யார் என்று என்னைக் கேட்டார். விழாத ஆள் என்றேன். அவர் மேலே போனார், கங்காணியும் நானும் பின்னால் போனோம். இரண்டாம் மாடியில் அவர் ஷூக்காலால் பலகையை ஒரு தள்ளு தள்ளினார். அது கழன்று உள்ளே போய், கீழே தண்ணீரில் விழுந்தது. கங்காணி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அன்று மதியமே ஸ்டோரைத் திறக்கச் சொன்னார்கள். தொடக்கூடாத பலகை எல்லாம் தொடக்கூடியதானது. வெளிப்பக்கம் வைத்து, தலைக்கு மேல் உயரத்துக்குச் சட்டம் அடித்து, கம்பிவலை இழுத்து, தரையோடு பலகை வைத்து, சிவப்புப் பெயின்ட் பூசி, விளக்கு மாட்டி, சனிக்கிழமைக்குள் ஏழு மாடியும் முடிந்தது. பொருள் எதையும் வெளியிலிருந்து வாங்கவில்லை. எல்லாம் முதல் நாளிலிருந்தே என் பூட்டுக்குள் இருந்தவை. இதை எழுதும்போது பேனா தாளைக் கிழிக்கிறது.

டைரி என்னிடம் திரும்பி வந்தபோது அண்ணி சொன்ன கடைசி வரியின் மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இருந்தது. ஓரத்தில் இஞ்சினியர் எழுதியிருந்தார்: தேவையில்லை.

அடுத்த திங்கட்கிழமை, கழற்றிப் போட்டிருந்த பழைய பலகைகளைப் பெண்களே பொறுக்கினார்கள். நான் யாரையும் கேட்கவில்லை, இரண்டு பெட்டி ஆணியை எடுத்துக் கொடுத்தேன். மூன்றாம் மாடியிலும் ஐந்தாம் மாடியிலும் எதிர்ச்சுவரை ஒட்டி, கூடையின் அடி உட்காருகிற அளவுக்கு மேடை செய்துகொண்டார்கள். கங்காணி பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனார். அதன்பிறகு அவர் என்னிடம் பேசியதே இல்லை.

ஒரு மாதம் கழித்து அண்ணி கூடையைத் தேடி வந்தார். குழியைச் சுத்தம் செய்தபோது எடுத்து வைத்திருந்தேன். பிரம்பு நசுங்கி, மணலேறிக் கிடந்தது. கயிறு மட்டும் நன்றாக இருந்தது. அவர் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி எடுத்துக்கொண்டு, அந்த மேடையைப் பார்க்க வேண்டும் என்றார். மெதுவாக ஐந்து மாடி ஏறினார். கழுத்து இடப்பக்கம் திரும்பாது, இனித் திரும்பப்போவதும் இல்லை. மேடையின் முன்னால் நின்று, முதலில் கையால் தள்ளிப் பார்த்தார். உடம்பைத் திருப்பி, குனிந்து அடியைப் பார்த்தார்.

"ஆணி எந்தப் பக்கம் அடிச்சிருக்கு?"

காட்டினேன். தலையாட்டினார். முதுகில் ஒன்றும் இல்லாமலே இரண்டு எட்டுப் பின்னால் வைத்துச் சாய்ந்தார்.

அந்த வாரம் இஞ்சினியர் மறுபடி மேலே ஏறி வந்தபோது, நடைபாதையில் இதென்ன இடைஞ்சல் என்று மேடையைக் காட்டிக் கேட்டார். நீங்கள் கோடு போட்ட வரி, சார் என்றேன்.